இது யார் கொடுத்த காசு?

நெல்லையிலிருந்து பாபநாசம் செல்லும் சாலையில், வயல்களுக்குப் பாயும் வாய்க்கால் ஒன்று கூடவே வரும் ஓரிடத்தில், ஒரு பெட்ரோல் நிலையத்தில் என் முறைக்காகக் காத்து நின்றேன். நிலையத்தின் ஓரத்தில், வேப்பமர நிழலில், ஆளுயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நிறுத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து வந்த தடித்த கம்பி, புத்தம் புதிய மின்சாரக் கார் ஒன்றின் விலாவில் செருகப்பட்டிருந்தது. காரின் சொந்தக்காரர் குடும்பத்துடன் அருவிக்குப் போகிறவர் போலும். குழந்தைகள் மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் ஒரு பெண், சிறிய மொபெட்டில் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றைக் கையில் மடித்து வைத்திருந்தார். நிலையத்தின் உரிமையாளர் அவ்வழியே வந்தபோது, அவரைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணாச்சி, இந்தப் பெட்டிய யாரு துட்டுல வச்சிருக்கீய?"

"கம்பெனி வச்சது தாயி. என் துட்டு இல்ல. இடம் மட்டுந்தான் என்னது" என்றார் அவர்.

"கம்பெனிக்கு யாரு துட்டு குடுக்கா?"

அண்ணாச்சி சிரித்தார், விடை சொல்லவில்லை. அப்பெண்ணும் சிரித்துக்கொண்டே தாளை நீட்டி, பெட்ரோலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேலியாகவும் அவர் கேட்கவில்லை, சினந்தும் கேட்கவில்லை. அறிய வேண்டும் என்று கேட்டார். அந்த வினாவை நான் வீட்டுக்குச் சுமந்து வந்தேன். எளிய வினாவாகத் தோன்றிய அது, எண்ண எண்ணக் கனத்தது.

நடந்திருப்பது என்ன?

முதலில் செய்தியைத் தெரிந்துகொள்வோம். மின்வாகனத்துக்கு மின்னேற்றித் தருவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவையே. அதற்குத் தனி உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் விளக்கம் அளித்தது. அன்றே எவரும் மின்னேற்று நிலையம் வைக்க வழி திறந்தது. ஆயினும் திறந்த வழியில் நடந்தவர் சிலரே. கார்கள் இல்லாததால் மின்னேற்றிகள் வரவில்லை. மின்னேற்றிகள் இல்லாததால் கார்கள் வரவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க அரசு பொதுப் பணத்தை எடுத்தது. 2023 மார்ச்சில், ஃபேம் என்னும் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சேர்த்து 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்நிறுவனங்களின் பெட்ரோல் நிலையங்களில் 7,432 விரைவு மின்னேற்று நிலையங்களை நிறுவுவது நோக்கம். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குப் பத்தே முக்கால் லட்சம் ரூபாய் அளவில் வருகிறது. பின்னர் 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில், மின்னேற்று நிலையங்களுக்கென்றே 2,000 கோடி ரூபாய் வைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் வெளியான அதன் நெறிமுறைகள், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் நிலையங்களில் மின்மாற்றி, மின்கம்பி முதலிய அடிப்படை அமைப்புகளுக்கு 80 விழுக்காடும், மின்னேற்றும் கருவிக்கு 70 விழுக்காடும் மானியம் தரலாம் என்கின்றன.

ஆக, அப்பெண்ணின் வினாவுக்கு விடை ஓரளவு கிடைத்துவிட்டது. அண்ணாச்சி சொன்ன 'கம்பெனி'க்குப் பின்னால் அரசு நிற்கிறது. அரசுக்குப் பின்னால் வரி கொடுப்பவர் நிற்கிறார். ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவரும் மத்திய அரசின் கலால் வரியையும் மாநில அரசின் விற்பனை வரியையும் செலுத்தியே போகிறார். தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் அந்த 800 கோடி ஆளுக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவுதான். தொகை சிறிது என்பதால் வினா சிறிதாகிவிடுமா? ஏழையின் கையிலிருந்து ஆறு ரூபாய் எடுத்துச் செல்வர் ஒருவரின் பயணத்துக்குக் கொடுப்பது முறையா என்பதை எண்ணிக்கை தீர்மானிக்காது, நியாயமே தீர்மானிக்கும்.

நான்கு வாசல்கள்

பணம் கேட்டுத் தட்டக்கூடிய வாசல்கள் நான்கு. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

முதல் வாசல், கார் வைத்திருப்பவருடையது. பயன் பெறுபவரே விலை தரவேண்டும் என்பது தெளிவான நியாயம். மின்சாரக் கார் வாங்குபவருக்கு 2019 ஆகஸ்டு முதல் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு மட்டுமே. ஏற்கெனவே சலுகை பெற்றவருக்கு மேலும் சலுகை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மின்னேற்றியும் மின்மாற்றியும் சேர்த்து 20 லட்சம் ரூபாய் ஆவதாகவும், அவை பத்தாண்டு உழைப்பதாகவும் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். வட்டியை விட்டுவிட்டாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 ரூபாய் திரும்ப வேண்டும். நாளுக்கு ஒரே கார் வந்து 20 யூனிட் ஏற்றிச் சென்றால், மின்சாரத்தின் விலைக்கு மேல் யூனிட்டுக்கு 27 ரூபாய் அவர் தலையில் விழும். பத்துக் கார்கள் வந்தால் அதே சுமை மூன்று ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும். முதலில் வருபவர் பின்னால் வரப்போகும் ஒன்பது பேரின் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. எனவே அவர் வராமலே இருந்துவிடுவார். 'பயன் பெறுபவர் தரட்டும்' என்ற நியாயம் பலர் வந்த பின்பு செல்லும். ஒருவரும் வராத நாளில் செல்லாது.

இரண்டாம் வாசல், பெட்ரோல் நிலையத்தாருடையது. ஜெர்மனியின் அன்றைய தலைமை அமைச்சர் ஒலாஃப் ஷோல்ஸ், நாட்டின் பெட்ரோல் நிலையங்களில் 80 விழுக்காட்டினர் விரைவு மின்னேற்றி வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் போவதாக 2023இல் அறிவித்தார். நம் நாட்டிலும், எரிபொருள் விற்பனைக்குப் புதிதாக அனுமதி பெறும் நிறுவனங்கள், இயற்கை எரிவாயு, மின்னேற்றி போன்ற மாற்று எரிபொருள் வசதி ஒன்றையேனும் மூன்றாண்டுகளுக்குள் அமைக்க வேண்டும் என்று 2019 நவம்பரில் விதிக்கப்பட்டது. காற்றைக் கரியாக்கிய வணிகத்தில் ஈட்டியவர் அதைத் தூய்மையாக்கவும் செலவிடட்டும் என்பதில் ஈடுசெய்யும் நீதி ஒன்று இருக்கிறது. ஆனால் ஈட்டியவர் யார்? லிட்டருக்கு இவ்வளவு என்று கழிவுத்தொகை பெறும் முகவர் வேறு. பல்லாயிரம் கோடி புரளும் நிறுவனம் வேறு. முகவரிடம், 'உன் வணிகத்தைக் குறைக்கப்போகும் கருவியை உன் செலவிலேயே வை' என்பது, அவருக்கான குழியை அவரையே வெட்டச் சொல்வதாகும். நிறுவனத்திடம் கேட்கலாம். ஆனால் நிறுவனம் அச்செலவைப் பெட்ரோல் விலையில் ஏற்றினால், மறுபடியும் மொபெட்டில் வந்த பெண்ணிடமே போய் நிற்கிறோம்.

மூன்றாம் வாசல், மின்சாரம் வழங்குபவருடையது. அமெரிக்காவின் சில மாநிலங்களில், மின்னேற்றிகளின் செலவை மின்நிறுவனங்கள் எல்லா வாடிக்கையாளரின் மின்கட்டணத்திலும் சேர்த்து வாங்க முற்பட்டன. அவ்வாறு அடுத்தவர் பணத்தில் கடை விரிப்பவரோடு எங்களால் போட்டியிட முடியுமா என்று பெட்ரோல் நிலைய உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பில் தன்னலம் உண்டு, உண்மையும் உண்டு. வரியையாவது சட்டமன்றத்தில் பேசி விதிக்கிறார்கள். மின்கட்டணத்துக்குள் மறைந்து வரும் சுமையை யாரும் பேசுவதில்லை. தையல் இயந்திரத்துக்கும் மாவரைக்கும் இயந்திரத்துக்கும் கட்டணம் கட்டுகிறவர், தாம் காருக்கும் சேர்த்துக் கட்டுவதை அறியமாட்டார். அறியாமல் கொடுக்கப்படுவது கொடை ஆகாது. பறிபோனது என்றே அதற்குப் பெயர்.

நான்காம் வாசல், அரசினுடையது. அதாவது நம் எல்லாருடையது. தூய காற்று எல்லாருக்கும் உரியது. வண்ணார்பேட்டைச் சந்திப்பில் நாள் முழுதும் நின்று பூ விற்பவர் கார் வாங்கப் போவதில்லை. ஆயினும் புகையில்லாத ஒவ்வொரு வண்டியும் அவருடைய நெஞ்சுக்கு நன்மை. ஆகவே எல்லாரும் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் கிடைக்கும் பயன் ஒரே அளவினதா? நிழலில் அமர்ந்து மின்னேற்றிக்கொள்பவருக்கு முழுப் பயன். பூ விற்பவருக்கு அதில் ஒரு துளி. துளி பெறுகிறவரிடம் துளியே கேட்க வேண்டும்.

ஐந்தாவது வாசல் ஒன்றும் உண்டு. அதை யாரும் தட்டுவதில்லை, ஏனெனில் அங்கே ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரம் எங்கிருந்தோ வருகிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் கரியும் சாம்பலும், கூடங்குளம் அணுமின் நிலையமும் அந்த மின்சாரத்தில் கலந்திருக்கின்றன. 2011 முதல் இடிந்தகரையில் மீனவக் குடும்பங்கள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடியதை நாம் மறக்க இயலாது. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நம்முள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் நகரத்துக் காற்றின் தூய்மைக்காகக் கடற்கரையில் சிலர் அச்சத்தோடும் சாம்பலோடும் வாழ்கிறார்கள் என்பதில் வேறுபாடு இருக்க முடியாது. அவர்கள் கொடுத்த விலை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதப்படவில்லை.

ஆற்றங்கரை சொல்லும் பாடம்

வழிப்போக்கருக்கான வசதிக்கு யார் செலவிடுவது என்பது நம் நாட்டுக்குப் புதிய வினா அன்று. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் போட்ட சாலைகளின் பெயர் தென்மாவட்டங்களில் இன்றும் வழங்குகிறது. தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கற்களை, இறந்துபோன கருவுற்ற பெண்களின் நினைவாகக் குடும்பத்தார் நட்டார்கள். ஊர் ஊருக்குத் தண்ணீர்ப் பந்தல் இருந்தது. வள்ளுவர் ஒப்புரவைப் பேசும்போது ஊரார் நீர் உண்ணும் குளத்தையே உவமையாக்கினார்.

நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையிலுள்ள பாலத்தை எண்ணிப் பாருங்கள். அப்பாலம் வருமுன் மக்கள் படகுத்துறையில் காத்துக் கிடந்தனர். பாலத்துக்கான பணத்தைப் பொதுமக்களிடம் திரட்டலாம் என்று பேசப்பட்டபோது, ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் செல்வத்தை எடுத்து வைத்தார். மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்தன என்பது நெல்லை மக்கள் இன்றும் சொல்லும் செய்தி. 11 வளைவுகளோடு 1843இல் அது திறக்கப்பட்டது. செல்வரும் வறியவரும் ஒரே பாலத்தில் நடந்தார்கள். கன்னடியன் கால்வாய்க்கும் இப்படி ஒரு கதை உண்டு: வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த செல்வத்தை வாய்க்கால் வெட்டச் செலவிட்டார் என்கிறார்கள்.

இவை நம்மை நெகிழச் செய்கின்றன. ஆயினும் வள்ளன்மையைச் சட்டமாக்க இயலாது. 7,432 சுலோசன முதலியார்களைத் தேடி நாடு காத்திருக்க முடியாது. வள்ளலின் பாலத்தில் நாம் கற்க வேண்டியது வேறொன்று: செலவிட்டவர் அதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. எருதுவண்டிக்கும் கால்நடைக்கும் அது ஒருங்கே பயன்பட்டது. பொதுவானதற்கே பொது மதிப்பு.

நாள்தோறும் நடக்க வேண்டிய செயலுக்குத் தாமிரபரணியின் பாசன முறை நல்ல வழிகாட்டி. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஏழு மன்னர் காலத்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. அணைக்கட்டு எந்த ஓர் உழவராலும் ஆகாதது. அது அரசின் கடமையாயிற்று. வாய்க்காலைத் தூர்வாருவதும் கரையைக் காப்பதும் அவ்வாய்க்காலால் வாழ்கிறவர்களின் கடமை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வயலில் பாய்ந்த நீருக்குத் தீர்வை கட்டியவர் வயல்காரர். இவ்வாறு ஒரே நீருக்கு மூன்று வகையான கடமைகள் முறையாகப் பிரிந்து நின்றன.

அதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். குடிமராமத்தில் கணக்கில் இருந்தது நிலக்காரர் பெயர். மண்வெட்டியைப் பிடித்தது பெரும்பாலும் நிலமில்லாதவரின் கை. கொடுப்பவர் பட்டியலில் ஒருவர் பெயரும், கொடுத்த உழைப்பில் இன்னொருவர் வியர்வையும் இருப்பது அன்றும் இருந்த தீமையே. மொபெட்டில் வந்த பெண்ணின் வினா, அந்தப் பழைய வினாவின் புதிய வடிவம்.

கடைமடைக்கு நீர்

இம்முறையை மின்னேற்றிக்குப் பொருத்திப் பார்ப்போம். மின்மாற்றியும் உயரழுத்தக் கம்பியும் அணைக்கட்டு போன்றவை. அவை ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. நாளை அதே மின்மாற்றியிலிருந்து ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் மின்சாரம் எடுக்கலாம். அவற்றுக்குப் பொதுப் பணம் செல்வதில் தவறில்லை. மின்னேற்றும் கருவி வாய்க்கால் போன்றது. அதனால் நாளை வணிகம் பெறப்போகிற எண்ணெய் நிறுவனமே அதன் பெரும்பங்கை ஏற்க வேண்டும். கருவிக்கும் 70 விழுக்காடு மானியம் என்பது, வாய்க்காலைத் தூர்வாரவும் அரசையே அழைப்பது போல எனக்குத் தோன்றுகிறது. தொடக்க ஆண்டுகளுக்கு மட்டும் அது பொறுக்கத்தக்கது; பழக்கமாகிவிடக் கூடாது. முகவர் கொடுப்பது இடம். அதற்கு அவருக்கு முறையான வாடகையோ வருவாயில் பங்கோ கிடைக்க வேண்டும். ஏற்றப்படும் மின்சாரம் வயலில் பாயும் நீர்; அதன் முழு விலையைக் கார் வைத்திருப்பவரே தரவேண்டும். பகலில், சூரிய ஒளி மிகுந்த நேரத்தில் ஏற்றினால் கட்டணம் குறைவு என்னும் முறையை 2024 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் வகுத்துள்ளன. அது மானியம் அன்று. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் வேளைக்கேற்ற விலை.

இனி, பொதுப் பணம் வாங்கியவர் பொதுக் கடமையை ஏற்க வேண்டும். முதற்கடமை, கருவியை இயங்கும் நிலையில் வைத்திருப்பது. மடை அடைத்துக் கிடந்தால், வாய்க்கால் இருந்தும் வயல் காயும். இரண்டாவது, எல்லாருக்கும் பயன்படுவது. இந்தியாவில் விற்கப்படும் மின்வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளே. மானியம் பெறும் விரைவு மின்னேற்றிகளோ பெரும்பாலும் கார்களுக்கானவை. ஆட்டோ ஓட்டுநர் வந்து நிற்கவும் அங்கே ஓர் இடமும் அவருக்கேற்ற ஒரு செருகியும் இருக்க வேண்டும். எல்லாரும் நீர் உண்ணக்கூடிய குளத்துக்குத்தான் எல்லாரிடமும் வரி கேட்கலாம்.

மூன்றாவது, கடைமடை. நார்வே நாடு, முதன்மைச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒன்று என விரைவு மின்னேற்றிகள் அமைய 2015 முதல் மானியம் வழங்கியது. நிறுவனங்கள் போட்டியிட்டு முன்வந்தன. வடகோடியிலுள்ள ஃபின்மார்க் பகுதிக்கு மட்டும் எவரும் முன்வரவில்லை. அந்நாட்டில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள் என்னும் அளவுக்கு வளர்ந்தது. ஆயினும் சந்தை தானாகக் கடைமடைக்குப் போவதில்லை என்ற உண்மை மாறவில்லை. நம் பகுதியிலும் கங்கைகொண்டானிலிருந்து நாங்குநேரி வரை நான்குவழிச் சாலையில் மின்னேற்றி வைக்க நிறுவனங்களுக்கு அரசின் தூண்டுதல் நெடுநாள் தேவைப்படாது. மானூரிலும் களக்காட்டிலும் இராதாபுரத்துச் சிற்றூர்களிலும் வைக்கத்தான் பொதுப் பணம் வேண்டும். தலைமடையிலேயே மானியம் முழுதும் வடிந்துவிட்டால், கடைமடையில் நிற்பவர் வரி கொடுத்தவராக மட்டுமே இருப்பார்.

பாபநாசத்து மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் ஆறு எத்தனையோ பேருடைய செலவால் நம் வயலுக்கு வந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாதவரின் கொடையில் வாழ்வது மனித வாழ்வின் இயல்பு. அதில் இழிவு இல்லை. கொடுத்தவர் யார் என்று கேட்கவே மறந்துபோவதுதான் இழிவு.

அந்தப் பெண்ணை மறுபடி சந்திப்பேனா, அறியேன். சந்தித்தால் அவருக்கு இவ்வாறு சொல்வேன்: "அதில் உங்கள் காசும் இருக்கிறது அம்மா. ஆகவே அது உங்களுடையதும்தான். உங்கள் மகன் நாளை மின்சார ஆட்டோ ஓட்டி வந்து அங்கே நிற்கும்போது, 'இது கார்களுக்கு மட்டும்' என்று எவரும் சொன்னால், இந்தக் கேள்வியை மீண்டும் கேளுங்கள். இம்முறை கொஞ்சம் உரக்கக் கேளுங்கள்."